டிராகனுக்குக் காது கேட்காது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தப் பண்ணையில் பாம்புகள் சாப்பிட்ட பிறகுதான் உனக்கா?

"ஆபீஸ் போனில் பேசினால் ஊரே கேட்கிறது, இனிமேல் கடிதம் போடு" என்று எழுதியிருந்தாய். போட்டுவிட்டேன். இதில் எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது. எங்கள் அருங்காட்சியகத்துக்குச் சீனப் பட்டு அங்கிகளும் ஜாடிகளும் இரவலாக வருகின்றன. எல்லாவற்றிலும் டிராகன். இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. கிடங்கில் தூசி படிந்து கிடக்கும் நம் பாடம் செய்த பாம்பு பாட்டில்களைத் துடைத்து அந்த டிராகன்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். கண்காட்சிக்குப் பெயர் 'பாம்பும் டிராகனும்'. விளக்க அட்டைகள் எழுதுவது நான். ஒவ்வொன்றும் நாற்பது சொல்லைத் தாண்டக்கூடாது.

டிராகன் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். பாம்பு பக்கம் உன் பொறுப்பு. டிராகனுக்கு முயல் கண், பாம்புக்கு இமை உண்டா? டிராகனுக்குக் கால் நான்கு, பாம்புக்குக் கால் இருந்த அடையாளம் ஏதாவது இருக்கிறதா? டிராகனின் தாடைக்குக் கீழே முத்து இருக்கிறதாம். நம் ஆட்கள் சொல்லும் நாகரத்தினத்தில் கொஞ்சமாவது உண்மை உண்டா? டிராகனுக்கு மாட்டுக் காது. பாம்புக்குக் காது கேட்குமா? பதில் எழுது.

இன்னொரு விஷயம். எழுதாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் அம்மா உனக்குப் போன் பண்ணி, "பெரியப்பா தவறிட்டாருடா" என்று அழுதிருக்கிறாள். நீ, "ரொம்ப சந்தோஷம்மா, நான் விசாரிச்சதா சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாமே. பாம்பு பிடிக்கிறது ஒரு பிழைப்பா என்று பெரியப்பா உன்னை ஒரு முறை நாலு பேர் முன்னால் கேட்டது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக இப்படியா? உன் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறாள். இரவில் தூங்குவதும் இல்லை.

இப்படிக்கு,
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் பாம்புகளும் நலம். ஒரே ஒரு விரியனுக்குத்தான் சளி.

பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் கண்ணாடி போல ஒரு செதில் இருக்கும். தோல் உரியும்போது அதுவும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். தூங்கும் பாம்பும் உன்னைப் பார்ப்பது போலவே இருக்கும். கால் என்று கேட்டால் மலைப்பாம்பின் வாலுக்கு முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன நகங்கள் உண்டு. நடப்பதற்கு உதவாது, ஆண்பாம்பு பெண்பாம்பைத் தடவிக்கொடுக்க உதவும். இதை அட்டையில் எழுத உங்கள் இயக்குநர் விடுவாரா தெரியவில்லை. நாகரத்தினம் கிடையாது. இருந்திருந்தால் நானும் கூட வேலை செய்யும் ஒல்லியும் இந்தச் சம்பளத்துக்கு ஏன் விஷம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்?

உன் டிராகன் என்ன சாப்பிடும் என்று எழுது. இங்கே உணவுப் பட்டியல் எலியோடு முடிந்துவிடுகிறது.

பெரியப்பா பற்றி உன் கடிதத்தைப் படித்தேன். போனில் சரியாகப் பேசவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் என்று அம்மாவிடம் சொல். பெரியம்மா எப்படி இருக்கிறாள்?

தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் சுகத்தையும் விரியனின் சளியையும் பற்றி எழுது. நாங்கள் அப்படியே இருக்கிறோம்.

இமை விஷயம் சரியான நேரத்தில் வந்தது. எங்கள் ஓவியர் சுவருக்கு ஆளுயர நாகம் ஒன்றை வரைந்து, அதற்குக் கண்மை தீட்டிய மாதிரி இமைமுடியும் வைத்திருந்தார். உன் கடிதத்தைக் காட்டினேன். "அழகா இருக்கே, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். பிறகு முனகிக்கொண்டே அழித்தார். நகம் பற்றிய வரியை இயக்குநர் பாதியோடு வெட்டிவிட்டார். நீ நினைத்தபடியேதான்.

டிராகன் நெருப்பைக் கக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். சீன டிராகன் அப்படி இல்லை, அது மூச்சு விட்டால் மேகம். மழையே அதன் இலாகா. வெயில் கொளுத்தும் ஆண்டுகளில் அதனிடம்தான் போய் முறையிடுவார்களாம். சிறகு இல்லாமல் பறக்கும். 'பறவை நாகம்' என்று எழுதலாமா என்று இயக்குநர் கேட்டார். சிறகே இல்லாததைப் பறவை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. டிராகன் என்றே எழுதிவிட்டேன்.

காது பற்றிய கேள்விக்கு நீ பதில் எழுத மறந்துவிட்டாய். எனக்கு அதுதான் முக்கியம். ஏன் என்று கேள். சீன எழுத்தில் செவிடு என்று எழுத மேலே டிராகனையும் கீழே காதையும் போடுகிறார்கள். மாட்டுக் காது இருந்தும் டிராகனுக்குக் கேட்காது, கொம்பால்தான் கேட்கும் என்று ஒரு பேச்சு. நம் பக்கம் தலைகீழ். கூர்மையாகக் கேட்பவனைப் பாம்புச் செவி என்கிறோம். பழைய தமிழில் பாம்புக்கே கட்செவி என்று பெயர், கண்ணே காது. யார் சொல்வது சரி? உன் பதிலை நம்பி ஒரு அட்டையைக் காலியாக வைத்திருக்கிறேன்.

நீ வருத்தப்பட்டதாக அம்மாவிடம் சொன்னேன். "வருத்தப்படுறவன் சந்தோஷம்னு சொல்லமாட்டான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே குளித்திருந்தாள்.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

விரியன் தேறிவிட்டது. நானும் தேறித்தான் இருக்கிறேன்.

டிராகனுக்கு மொத்தம் இத்தனை செதில், அதில் நல்ல செதில் இத்தனை, கெட்டது இத்தனை என்று கணக்கு இருப்பதாக எங்கோ படித்தேன். யார் உட்கார்ந்து எண்ணியது? நாங்களும் எண்ணுவோம், ஆனால் பாம்பு செத்த பிறகு. உயிரோடு இருப்பது அவ்வளவு நேரம் மரியாதையாகப் படுத்திருக்காது.

அட்டைக்கு வேண்டுமானால் தோல் உரிப்பது பற்றி எழுது. உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு பாம்பின் கண்ணில் பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும். சரியாகப் பார்வை இருக்காது. அந்தச் சமயம் பக்கத்தில் எது அசைந்தாலும் கொத்தும். நாங்கள் கூண்டையே திறக்கமாட்டோம். முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்றால் யாருக்கும் கொஞ்சம் முன்கோபம் வரத்தான் செய்யும். பாம்பைக் குறை சொல்ல முடியாது.

மழை பற்றிக் கேட்டிருந்தாய் அல்லவா? மழைக்கும் பாம்புக்கும் ஒரே தொடர்புதான். வளைக்குள் தண்ணீர் வந்தால் வெளியே வரும். பார்த்தவர்கள் பாம்புதான் மழையைக் கூட்டி வந்தது என்று கதை கட்டியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் கிடைத்தது. கடையில் வாங்கியதாகச் சொல்லிவிட்டேன். வலி குறைந்திருக்கிறது.

மழை பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டது காது பற்றி, அதுவும் இரண்டு முறை. கேட்காததற்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறாய், கேட்டதற்கு ஒரு வரி இல்லை. டிராகனின் தொண்டைக்குக் கீழே சில செதில்கள் தலைகீழாக முளைத்திருக்குமாம். மற்ற இடத்தில் தொட்டால் சாதுவாக இருக்கும், முதுகில் ஏறிக்கூடப் போகலாம். அந்தச் செதிலைத் தொட்டவன் மட்டும் பிழைக்கமாட்டானாம். உனக்கு அது எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. தொடத்தான் போகிறேன்.

போன முறை நீ வந்தபோது கடைத்தெருவில் உன் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஏதோ யோசனை என்று விட்டுவிட்டேன். நீ டிவியை அவ்வளவு சத்தமாக வைத்ததால் அடுத்த வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினோம். அம்மா சமையலறையிலிருந்து எது கேட்டாலும் "சரி சரி" என்றே பதில் சொன்னாய். அப்புறம் போன் வேண்டாம், கடிதம் போடு என்றாய்.

உனக்குக் காது கேட்கவில்லையா? அம்மா சொன்னது உன் காதில் விழவே இல்லையா?

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அதனால்தான் தாமதம்.

இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது பாதி. நரம்பு விஷயம், திரும்ப வராது என்று வேறு ஊருக்குப் போய்ப் பார்த்த டாக்டர் சொன்னார். அன்றைக்குப் போனில் அம்மா அழுதது எனக்குச் சிரிப்பு மாதிரி கேட்டது. யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று நினைத்து வாழ்த்திவிட்டேன். பெரியப்பா இறந்ததே உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். இங்கே மாமா சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது. படித்துவிட்டு பாம்புகளின் உணவுக்கூடத்தில் எலிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். என்னைத் திட்டியதற்கு மறுநாளே எனக்கு உயரமான தோல் பூட்ஸ் வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். அது உங்கள் யாருக்கும் தெரியாது.

அம்மாவிடம் சொல்லாதே. அவளிடம் சொன்னால் அன்று மாலையே மாமாவுக்குப் போன் போகும். தன் தம்பியிடம் எதையும் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. மாமா இங்கே மேற்பார்வையாளர். காது கேட்காதவன் பாம்புகள் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கக்கூடாது என்பது விதி. போன வருடப் பரிசோதனையில் வலது காதை வைத்து ஒப்பேற்றிவிட்டேன். அடுத்தது ஆகஸ்டில். காதுக்கு மிஷின் வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். எனக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது. நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று அம்மா நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஈரமில்லாதவனைப் பள்ளத்திலிருந்து வெளியேற்ற விதி எதுவும் இல்லை.

உன் கேள்விக்குப் பதில். பாம்புக்கு வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை. உள்ளே காது உண்டு. தாடையைத் தரையில் வைத்து, எலும்பு வழியாக அதிர்வைக் கேட்கும். காற்றில் வரும் தாழ்ந்த சத்தமும் கொஞ்சம் கேட்கும். நீ கத்துவது அதற்குப் பெரிதாகப் படாது, நீ நடப்பது தெரியும். ஆக, காது இருக்கும் டிராகனுக்குக் கேட்காது, காது இல்லாத பாம்புக்குக் கேட்கும். நாற்பது சொல்லுக்குள் அடங்கும்.

நான் இப்போது ஆட்களின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுகிறேன். ஒல்லிக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

தம்பி

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லமாட்டேன். நீ கேட்டுக்கொண்டதால் மட்டும். நீ செய்வது சரி என்று நினைத்துவிடாதே. உன்னைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறாள் என்பது உனக்கு லேசாக இருக்கலாம். நேற்று புதிதாகக் குடிவந்தவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "ஒரு பொண்ணு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது நான்.

பள்ளத்தைப் பற்றியும் சொல்கிறேன். உனக்கும் பாம்புக்கும் நடுவில் காது தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடவே நிற்கிறானே ஒல்லி, அவன் கத்தினால் யார் கேட்பது? அவனிடமாவது சொல். தனக்குப் பின்னால் நிற்பவனுக்குக் காது கேட்கும் என்று நம்பித்தானே அவன் தினமும் உள்ளே இறங்குகிறான்?

அக்கா

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். என் மேல் கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

கண்காட்சி திறந்துவிட்டோம். நல்ல கூட்டம். மலைப்பாம்பு எலும்புக்கூட்டின் முன்னால் நின்று எல்லாரும் நகத்தைத் தேடுகிறார்கள். அதற்கு அடுத்த மேடையில் பட்டு அங்கி. அதன் டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகம், அரசர் மட்டும் உடுத்தலாம். மற்றவர்கள் ஒரு நகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய அங்கி ஒன்றில் ஐந்தாவது நகத்தைப் பிரித்தெடுத்த தையல் தெரிகிறது. எவனோ பயந்திருக்கிறான்.

அம்மாவையும் கூட்டிப்போனேன். காது அட்டை முன்னால் வெகுநேரம் நின்றாள். உரக்கப் படித்தாள். பிறகு, "காது கேக்காத ஒண்ணுகிட்டப் போயா இத்தனை காலமா மழை கேட்டுட்டிருந்தாங்க?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "கேக்கலைன்னு அதுவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. உனக்குக் கொடுத்த வாக்குக்காக விழுங்கினேன். இனி ஒரு முறை விழுங்க என்னால் முடியாது.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒல்லிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நம்பிவிட்டு மேலே படி.

போன வாரம் நாகத்திடம் விஷம் எடுத்துக்கொண்டிருந்தோம். தலையைப் பிடித்திருந்தது நான். கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டியிருந்தது ஒல்லி. கிண்ணத்தின் மேல் கட்டிய சவ்வு கிழிந்துவிட்டது. ஒல்லி, "விடாதடா!" என்று கத்தினான். குனிந்திருந்ததால் அவன் உதடு எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கேட்டது "விடுடா". விட்டுவிட்டேன்.

பாம்பு அவன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு தொங்கியது. துணிதான், சதை இல்லை. மடித்துவிட்டிருந்த சட்டை மடிப்பில் விஷம் ஈரமாக இறங்கியிருந்தது. பாம்பைக் கூண்டில் விட்டுவிட்டு மேலே ஏறினோம். ஒல்லிக்குக் கோபம்கூட வரவில்லை. "ஏன்டா விட்ட? நான் விடாதன்னுதானே சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான், தன் மேல் சந்தேகம் வந்தவன் மாதிரி. அவன் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவனே நம்பிவிடுவான் போல இருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவன் என் வலது காது பக்கம் வந்து நின்று, மெதுவாக, எனக்குப் புரியும்படி, நல்ல நாலு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு இரண்டு பேரும் மாமா அறைக்குப் போனோம். மாமா கத்தவில்லை. பள்ளத்துச் சாவியைக் கேட்டு வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். இப்போது நான் முட்டை அறையில் இருக்கிறேன். வெப்பமானியைப் பார்ப்பதும் முட்டைகளுக்கு ஈரம் காட்டுவதும் வேலை. அங்கே யாரும் கத்தமாட்டார்கள். ஒல்லியோடு வேறொருவன் இறங்குகிறான். நான் அந்தப் பக்கம் போவதில்லை. துக்கமாக இருக்கிறது. பள்ளத்தில் இறங்காத ஒரு நாளும் எனக்கு முழு நாளாகத் தெரியவில்லை.

மாமாவை அம்மாவிடம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ சொல். எப்படிச் சொல்வது என்று உனக்குத்தான் தெரியும்.

தம்பி

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் முதலிலிருந்து சொன்னேன், போன், பெரியப்பா, பூட்ஸ், எல்லாம். பூட்ஸ் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம். கையில் பணம் இல்லை என்று அவளிடம் கடன் கேட்டுத்தான் பெரியப்பா அதை வாங்கினாராம். ஒரே துண்டை மடித்துப் பிரித்து மடித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "சுத்தமா கேக்காதா?" என்றாள். "ஒரு பக்கம் பாதி" என்றேன். "அன்னைக்கு எந்தப் பக்கம் வச்சுப் பேசினான்?" என்றாள்.

அன்று இரவு அவள் குறட்டை விட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. காலையில் எழுந்ததும், "வண்டிக்கு டிக்கெட் எடுடி" என்றாள். சனிக்கிழமை வருகிறோம். முட்டை அறையைப் பெருக்கி வை.

அக்கா

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததை மாமா சொன்னார். மிஷின் வந்துவிட்டது. வைத்துக்கொண்டால் மின்விசிறி மழை மாதிரி கொட்டுகிறது, ஆட்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிறார்கள். பழகிவிடும் என்கிறார் டாக்டர்.

அம்மா இங்கே இருந்தபோது போட்ட சத்தத்தில் மேல்மாடிக் குமாஸ்தாக்கள் எல்லாம் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "சாப்...பிட்...டியா?" என்று என் காதருகில் அவள் கத்தினது, தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்த மலைப்பாம்புக்கே கேட்டிருக்கும். அவள் கத்தக் கத்த எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். நான் நெஞ்சில் ஈரமில்லாதவனா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டில் என் தட்டில் இருந்ததையெல்லாம் தன் கையால் பிசைந்து வைத்தாள், எனக்கு என்னமோ கையும் போய்விட்ட மாதிரி.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன்னால் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, குரலைத் தணித்து உன்னிடம் ஏதோ சொன்னாள். நீ பதறிப்போய் அவள் கையை அழுத்தினாய். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் கையசைத்தீர்கள், எனக்குக் கேட்டிருக்காது என்ற தைரியத்தில். எனக்குக் கேட்கவில்லைதான். ஆனால் அவள் முகம் என் பக்கம் இருந்தது.

"அவனுக்குக் காது கேக்காதுன்னு நீ சொன்ன அன்னைக்குத்தான்டி நான் நிம்மதியா தூங்கினேன். பெத்த தாய் பேசுற பேச்சாடி இது?" என்றாள்.

நான் வருத்தப்படுவேன் என்று நினைத்துத்தானே நீ அவள் கையை அழுத்தினாய்? வண்டி போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒல்லி வந்து தோளைத் தட்டிக் கூட்டிப்போனான்.

அம்மாவிடம் சொல். நான் கேட்டுவிட்டேன் என்றும் சொல். பெத்த தாய் பேசுகிற பேச்சுதான்.

தம்பி